மன்னர்களின் தயவில் படித்தார். மாணவர்களின் உரிமையாக்கினார் அம்பேத்கர்

புதுதில்லி: உயர்கல்வியில் யாருக்கு எத்தனை இடம் என்ற கேள்வி நாடாளுமன்றத்தில் எழும்போதெல்லாம், ஆளும் கட்சி, எதிர்க்கட்சி என்ற வேறுபாடின்றி உறுப்பினர்கள் துணைக்கு அழைக்கும் பெயர் டாக்டர் பி.ஆர். அம்பேத்கர். அரசியல் சட்ட வரைவுக் குழுவின் தலைவராகவே அவரைப் பலரும் நினைவுகூர்கின்றனர். ஆனால், கல்லூரி வாசலைக் கடக்க அறிவு மட்டும் போதாது, பணமும் தங்குமிடமும் சட்டத்தின் பாதுகாப்பும் வேண்டும் என்பதைச் சொந்த வாழ்க்கையில் அனுபவித்து அறிந்தவர் அவர். தமக்குச் சிலரது தயவால் கிடைத்ததைப் பிறருக்கு உரிமையாகப் பெற்றுத் தரும் முயற்சியிலேயே அவரது பொது வாழ்வின் பெரும் பகுதி கழிந்தது.

சாக்குத் துணியில் தொடங்கிய படிப்பு: 1891 ஏப்ரல் 14-ம் தேதி, இன்றைய மத்தியப் பிரதேசத்தில் உள்ள மவ் ராணுவக் குடியிருப்பில் மஹர் சமூகத்தில் பிறந்தார் அம்பேத்கர். தந்தை ராம்ஜி சக்பால் ராணுவத்தில் சுபேதாராக இருந்தவர். சதாராவில் பள்ளியில் படித்தபோது, வீட்டிலிருந்து கொண்டு சென்ற சாக்குத் துணியில் தனியே அமர வேண்டியிருந்தது. பள்ளிப் பணியாளர் வந்து தண்ணீர் ஊற்றினால்தான் தாகம் தணியும். அவர் வராத நாளில் தண்ணீர் இல்லை. பின்னர் பம்பாய் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தபோது சம்ஸ்கிருதம் படிக்க விரும்பினார். அது மறுக்கப்பட்டதால் பாரசீகம் பயின்றார். 1907-ல் மெட்ரிகுலேஷன் தேறினார்.

அவர் மேற்கொண்டு படிப்பதற்கு வீட்டில் வசதி இல்லை. மராத்தி எழுத்தாளர் கேளுஸ்கர் அவரை பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட்டிடம் அறிமுகப்படுத்த, மாதம் 25 ரூபாய் உதவித்தொகை கிடைத்தது. 1912-ல் பி.ஏ. பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டு, மாதம் பதினொன்றரை பவுண்டு வீதம் 3 ஆண்டுகளுக்கான உதவித்தொகையை அதே மன்னர் வழங்க, நியூயார்க்கில் உள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். படிப்பு முடிந்ததும் பரோடா அரசில் 10 ஆண்டுகள் பணியாற்ற வேண்டும் என்பது நிபந்தனை. 1915-ல் எம்.ஏ. பட்டம் பெற்று, மறு ஆண்டு லண்டன் பொருளாதாரப் பள்ளியில் சேர்ந்தார். உதவித்தொகைக் காலம் முடிந்ததால் 1917-ல் படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டுத் தாயகம் திரும்பினார்.

பட்டம் இருந்தும் இடம் இல்லை: பரோடாவில் உயர் பதவி காத்திருந்தது, தங்குவதற்கு அறை கிடைக்கவில்லை. அலுவலகத்தில் ஊழியர்கள் கோப்புகளைத் தூக்கி எறிந்தனர். பார்சி விடுதி ஒன்றில் தங்கியிருந்தவரைத் தடிகளுடன் வந்த கூட்டம் வெளியேற்றியது. சில நாள்களிலேயே பம்பாய் திரும்பினார். 1918-ல் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியரானபோதும், பொதுக் குடத்திலிருந்து அவர் தண்ணீர் எடுப்பதை சக பேராசிரியர்கள் சிலர் எதிர்த்தனர். கல்வி கிடைத்துவிட்டால் சாதி தானாக விலகிவிடும் என்ற நம்பிக்கையை இந்த அனுபவங்கள் தகர்த்தன.

பாதியில் விட்ட படிப்பை முடிப்பதற்காக, சம்பளத்தில் மிச்சம் பிடித்த பணம், கோலாப்பூர் மன்னர் சாகு மகாராஜாவின் உதவி, நண்பர் நவல் பதேனாவிடம் பெற்ற கடன் ஆகியவற்றுடன் 1920-ல் மீண்டும் லண்டன் சென்றார். ரூபாயின் பிரச்சினை குறித்த ஆய்வுக்காக 1923-ல் டி.எஸ்சி. பட்டமும், பாரிஸ்டர் தகுதியும் பெற்றுத் திரும்பினார். கெய்க்வாட், சாகு என்ற இரு மன்னர்களும் மனம் வைக்காமல் இருந்திருந்தால் அந்தப் பட்டங்கள் அவருக்கு எட்டியிருக்குமா என்பது ஐயமே. அவரைப் போன்ற அறிவுக்கூர்மையுடன் பிறந்து, எந்த மன்னரின் பார்வையிலும் படாமல் போனவர்கள் எத்தனை பேர் என்ற கேள்வியே அவரது அடுத்தகட்டப் பணிகளின் அடித்தளம்.

2 லட்சம் பேரில் ஒருவர்: 1924-ல் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபையைத் தொடங்கினார். அச்சபை மறு ஆண்டே சோலாப்பூரில் தாழ்த்தப்பட்ட மாணவர்களுக்கு விடுதி நடத்தத் தொடங்கியது. பரோடாவில் தங்க இடமின்றித் தவித்தவருக்கு, பாடப் புத்தகத்துக்கு முன்பே விடுதி தேவை என்பதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பம்பாய் சட்ட மேலவையின் நியமன உறுப்பினரான அவர், 1927-ல் கல்வி மானியத்தின் மீது ஆற்றிய உரையில் அரசின் கணக்கையே அவை முன் வைத்தார். கல்லூரிக் கல்வியில் 2 லட்சம் பேருக்கு முன்னேறிய வகுப்பு இந்துக்கள் 1,000 பேரும், முஸ்லிம்கள் 52 பேரும், இடைநிலை வகுப்பினர் 14 பேரும் இருந்தனர். பிற்படுத்தப்பட்ட வகுப்பில் ஒருவரும் இல்லை. அல்லது அதிகபட்சம் ஒருவர். சமநிலையில் இல்லாதவர்களைச் சமமாக நடத்துவது சமத்துவம் ஆகாது என்பது அவர் முன்வைத்த வாதம். கலைக் கல்லூரிகளுக்கான செலவில் 36 சதவீதம் மாணவர்களின் கட்டணத்திலிருந்து பெறப்படுவதைச் சுட்டிக்காட்டி, கல்வியை வணிகமாக்கக் கூடாது என்றும் வலியுறுத்தினார்.

உதவித்தொகையும் கல்லூரிகளும்: 1942-ல் வைஸ்ராயின் நிர்வாக சபையில் தொழிலாளர் துறை உறுப்பினரானார். அதே ஆண்டு அக்டோபரில், தாழ்த்தப்பட்டோரின் குறைகள் குறித்து வைஸ்ராய் லின்லித்கோ பிரபுவிடம் விரிவான மனு அளித்தார். காசி இந்துப் பல்கலைக்கழகத்துக்கும் அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்துக்கும் தலா 3 லட்சம் ரூபாய் தரும் அரசு, தாழ்த்தப்பட்டோரின் உயர்கல்விக்கும் அதே அளவு தர வேண்டும் என்பது அவரது கோரிக்கை. வெறும் பட்டங்களைவிட, அறிவியல், தொழில்நுட்பப் படிப்புகளுக்கும் வெளிநாட்டுக் கல்விக்கும் உதவி தேவை என்று அதில் வாதிட்டார். அதன் பிறகு உதவித்தொகைக்கு நிதி ஒதுக்கப்பட்டு, மாணவர்கள் சிலர் வெளிநாடுகளுக்கும் அனுப்பப்பட்டனர். 1944-ல் தொடங்கிய, மெட்ரிகுலேஷனுக்குப் பிந்தைய படிப்புக்கான மத்திய அரசின் உதவித்தொகைத் திட்டம் இன்றும் தொடர்கிறது. மன்னர் மனம் வைத்தால் கிடைத்த பணம், அரசின் வரவு-செலவுத் திட்டத்தில் இடம்பெறும் இனமாக மாறிய கட்டம் இது.

1945-ல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவினார். 1946-ல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரி பிறந்தது. அனைத்து சாதியினருக்கும் திறந்திருந்த அக்கல்லூரியில், வேலைக்குச் செல்வோர் படித்துவிட்டு அலுவலகம் போக வசதியாகக் காலை வகுப்புகள் நடந்தன. நிஜாம் ஆட்சியில் கல்வியில் பின்தங்கியிருந்த மராத்வாடாவில், இன்று சத்ரபதி சம்பாஜிநகர் எனப்படும் ஔரங்காபாதில், 1950-ல் மற்றொரு கல்லூரி தொடங்கினார். மிலிந்த் கல்லூரி என்று பெயர் பெற்ற அதன் கட்டடத்துக்கு 1951-ல் குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத் அடிக்கல் நாட்டினார்.

சென்னையிலிருந்து வந்த வழக்கு: அரசியல் சட்டம் 1950 ஜனவரி 26-ல் நடைமுறைக்கு வந்தபோது, அரசுப் பணியில் பின்தங்கிய வகுப்பினருக்கு இட ஒதுக்கீடு செய்ய 16(4)-வது பிரிவு வழி செய்திருந்தது. கல்லூரிச் சேர்க்கைக்கு அத்தகைய பிரிவு இல்லை. இந்த இடைவெளியைச் சென்னை மாகாணத்து வழக்கு வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. மருத்துவ, பொறியியல் கல்லூரிகளின் ஒவ்வொரு 14 இடங்களையும், பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, ஹரிஜனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு 1, முஸ்லிம்களுக்கு 1 எனப் பங்கிட்ட வகுப்புவாரி அரசாணையை, செண்பகம் துரைராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1951 ஏப்ரல் 9-ல் செல்லாதாக்கியது. சென்னை மாகாணத்தில் பெரியாரின் தலைமையில் கிளர்ச்சி எழுந்தது.

தற்காலிக நாடாளுமன்றத்தில் பிரதமர் நேரு முதலாவது அரசியல் சட்டத் திருத்த மசோதாவைக் கொண்டுவந்தார். மே மாதம் நடந்த விவாதத்தில் சட்ட அமைச்சர் அம்பேத்கர், தீர்ப்பு தமக்கு ஏற்புடையதாக இல்லை என்பதை மறைக்கவில்லை. தீர்ப்புக்குக் கீழ்ப்படிவது கடமை, ஆனால் அதனுடன் உடன்பட வேண்டிய கட்டாயம் இல்லை என்பது அவரது நிலை. நலிந்த பிரிவினரின் கல்வி நலனை மேம்படுத்துமாறு 46-வது பிரிவு அரசைப் பணித்திருக்கையில், அதை நிறைவேற்றும் வழியை அடைப்பது பொருந்தாது என்று வாதிட்டார். ஜூன் 18-ல் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. கல்லூரிச் சேர்க்கையில் இட ஒதுக்கீட்டுக்கு இன்றளவும் அடிப்படையாக விளங்கும் 15(4)-வது பிரிவு அவ்வாறு பிறந்ததே.

மூன்று மாதங்கள் கழித்து அமைச்சர் பதவியிலிருந்து விலகினார். இந்து சட்டத் தொகுப்பு மசோதா முடங்கியது முதன்மைக் காரணம் என்றாலும், பிற்படுத்தப்பட்டோருக்கான ஆணையம் அமைக்கப்படாததும் அவர் பட்டியலிட்ட குறைகளில் ஒன்று. 1956 டிசம்பர் 6-ம் தேதி, தில்லி அலிப்பூர் சாலை இல்லத்தில் காலமானார்.

மறைவுக்குப் பின்னும்: மராத்வாடா பல்கலைக்கழகத்துக்கு அவரது பெயரைச் சூட்ட மகாராஷ்டிர சட்டப்பேரவை 1978-ல் தீர்மானம் நிறைவேற்றியபோது தலித் குடியிருப்புகள் தாக்கப்பட்டன. அந்தப் பெயர் பலகை ஏற 1994 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மத்திய கல்வி நிறுவனங்களில் பிற்படுத்தப்பட்டோருக்கு 27 சதவீத இடம் அளிக்கும் சட்டம் 2006-ல்தான் வந்தது; 2008-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

2021-22-ம் ஆண்டுக்கான அகில இந்திய உயர்கல்வி ஆய்வின்படி, உயர்கல்விச் சேர்க்கை விகிதம் ஒட்டுமொத்தமாக 28.4 சதவீதம், தாழ்த்தப்பட்டோரில் 25.9, பழங்குடியினரில் 21.2. 2 லட்சம் பேருக்கு ஒருவர் என்ற நிலையிலிருந்து நாடு வெகுதூரம் வந்திருக்கிறது, இடைவெளி மறைந்துவிடவில்லை. அதே ஆய்வின்படி, கல்லூரிகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அரசு உதவி பெறாத தனியார் கல்லூரிகள். அவற்றிலும் இட ஒதுக்கீடு செய்ய 2006-ல் நடைமுறைக்கு வந்த 15(5)-வது பிரிவு அனுமதி அளித்திருந்தும், அதற்கென மத்திய சட்டம் இயற்றப்படவில்லை. சட்டம் தேவை என்று கல்விக்கான நாடாளுமன்ற நிலைக்குழு 2025 ஆகஸ்டில் பரிந்துரைத்தது. இடம் ஒதுக்கப்பட்டாலும், கட்டணத்தை யார் செலுத்துவது என்ற கேள்வி மிஞ்சும். 1927-ல் பம்பாய் மேலவையில் அம்பேத்கர் எழுப்பிய கேள்விதான் அது.