குன்னூரில் உருவான அளவுகோல்

உணவுப் பொட்டலத்தின் பின்புறம் அன்றாடத் தேவையில் இத்தனை சதவீதம் என்று அச்சிட்டிருப்பதைக் காணும்போதெல்லாம் எனக்கு வாலஸ் அய்க்ராய்டின் நினைவு வரும். இந்தியரின் தட்டில் என்ன இருக்கிறது, என்ன இருந்தாக வேண்டும் என்பதை எண்களில் எழுதிவைத்த முன்னோடிகளுள் அவர் ஒருவர்.

1899-இல் பிறந்து டப்ளினில் மருத்துவம் பயின்றவர். நியூஃபவுண்ட்லாந்தில், வெள்ளை மாவை நம்பி வாழ்ந்த மக்களிடையே பெரிபெரி நோயை ஆராய்ந்தார். பின்னர் ஜெனீவாவில் சர்வதேச சங்கத்தின் சுகாதாரப் பிரிவில் பணி. 1935-இல் ராபர்ட் மெக்காரிசனை அடுத்து குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தின் இயக்குநரானார்.

அதே ஆண்டு சர்வதேச சங்கத்தின் நிபுணர் குழு, உடலுழைப்பு இல்லாத வயது வந்தோருக்கு நாளொன்றுக்கு 2,400 கலோரி என வரையறுத்தது. அய்க்ராய்ட் அந்த எண்ணோடு நின்றுவிடவில்லை. நம் தானியங்கள், பருப்புகள், கீரைகளின் சத்துகளைப் பட்டியலிட்டு 1937-இல் ஒரு கையேடு வெளியிட்டார். ஆலையில் தீட்டிய பச்சரிசி இழக்கும் தயாமினைப் புழுங்கலரிசி பெருமளவு காத்துக்கொள்வதை அவருடைய கூடம் விரிவாக ஆராய்ந்தது. ஊறும்போதும் வேகும்போதும் அச்சத்து மேலுறையிலிருந்து அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. நம் பாட்டிமார் இதை அறிந்தா நெல்லைப் புழுக்கினார்கள் என்பது வேறு கேள்வி.

1944-இல், அவர் பொறுப்பில் இருந்தபோதே, இந்தியருக்கான முதல் ஊட்டச்சத்துப் பரிந்துரைகள் வகுக்கப்பட்டன. இவற்றை நாம் இன்றும் தவறாகவே படிக்கிறோம் என்பது என் எண்ணம். பரிந்துரை அளவு என்பது தனிமனிதரின் குறைந்தபட்சம் அன்று. ஆரோக்கியமானவர்களில் ஏறத்தாழ அனைவருக்கும் போதுமாறு சற்றுக் கூட்டி வைக்கப்பட்டது. அதற்குக் கீழே உண்பவரெல்லாம் குறைபாடு உடையவர் அல்லர். கலோரி மட்டும் விதிவிலக்கு. கூட்டி வைத்தால் உடல் பருக்கும் என்பதால் அது சராசரித் தேவையாகவே தரப்படுகிறது. சராசரிக்குள் மறைபவர்களும் உண்டு. 2020-இன் இந்தியப் பரிந்துரையில் ஆணுக்கு 19 மில்லிகிராம் இரும்புச்சத்து, பெண்ணுக்கு 29. வீட்டில் கடைசியாக உண்பவருக்கே கூடுதல் தேவை!

அளவுகோலை வகுத்தவருக்கு அதன் மறுமுனையையும் அளக்க நேர்ந்தது. வங்கப் பஞ்சத்தை விசாரித்த ஆணையத்தில் அவர் உறுப்பினர். இறந்தோர் சுமார் 15 லட்சம் என்று 1945-இல் அறிக்கை கூறியது. அந்தக் கணக்கீட்டில் முதன்மைப் பங்கு அவருடையது. பிற்கால ஆய்வாளர்கள் அதை ஏறத்தாழ இருமடங்காக்கினர்.

பின்னர் ஐ.நா. உணவு, வேளாண் அமைப்பின் ஊட்டச்சத்துப் பிரிவுக்கு முதல் இயக்குநராகி 1960 வரை பணியாற்றினார். இறப்பதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன், 1974-இல் பஞ்சங்கள் குறித்து எழுதிய நூலில், தம் கணக்கு குறைவானதே என்று ஒப்புக்கொண்டார். விமர்சகர்கள் சொன்ன அளவுக்குப் பெரிய பிழை என்பதை மட்டும் அவர் ஏற்கவில்லை. அவர் கணக்கில் போதிய இடம் பெறாது போனவர்கள், சாலையோரங்களில் விழுந்து மடிந்தவர்கள்.