கரையிருப்பிலிருந்து ஒரு யாத்திரை

நெல்லைச் சீமையின் கரையிருப்பில் 1827இல் வைணவக் குடியில் பிறந்த கிருஷ்ணபிள்ளைக்குக் கம்பன் இளமையிலேயே வாய்த்த செல்வம். 1853இல் சாயர்புரத்துக் கிறித்தவப் பள்ளியில் தமிழாசிரியரானார். ஊதியம் தேடிச் சென்ற இடத்தில் உள்ளம் அசைந்தது. ஊரையும் உறவையும் பிரிந்து சென்னை சேர்ந்தவர், 1858இல் திருமுழுக்குப் பெற்று ஹென்றி ஆல்பிரட் கிருஷ்ணபிள்ளை ஆனார். அறிந்தோர் அருகிய நகரில், முப்பதை எட்டிய பருவத்தில், தினவர்த்தமானி இதழின் துணையாசிரியராக வாழ்வை மீளத் தொடங்கினார். பின்னர் நெல்லைக்கே திரும்பிக் கற்பித்தார்.

ஜான் பனியனின் ஆங்கில உரைநடைக் கதையைத் தழுவிய இரட்சணிய யாத்திரிகம் 1894இல்தான் வெளிவந்தது. மனைவி மக்களை விட்டு நகர் நீங்கும் அந்தப் பயணியை அவர் பனியனிடம் மட்டுமே கண்டார் என்று என்னால் நம்ப இயலவில்லை. கிறித்தவக் கம்பர் என்பது வெறும் புகழ்மொழியன்று. துறந்து வந்தவற்றுள் கம்பனை மட்டும் அவர் துறக்கவில்லை. 1900இல் மறைந்தார்.