மாணவர்களையே குடும்பமாகக் கொண்ட ஆசார்ய பிரபுல்ல சந்திர ராய்

கல்லூரி மாணவர்களிடையே தோழமையையும் தலைமைப் பண்பையும் வளர்ப்பதற்கென்று இன்று முகாம்களும் பயிற்சி வகுப்புகளும் நிறைய நடைபெறுகின்றன. நம் அங்கத்தினர்கள் பலருடைய பிள்ளைகளும் பேரக் குழந்தைகளும் வெளியூர் விடுதிகளில் தங்கிப் படிப்பதால், இவற்றின் தேவையைத் தனியே விளக்க வேண்டியதில்லை. இந்தக் காரியத்தை, அதற்கென்று ஒரு பெயரோ திட்டமோ இல்லாத காலத்திலேயே, கல்கத்தாவில் ஒரு ரசாயனப் பேராசிரியர் சுமார் ஐம்பது ஆண்டுகள் செய்து வந்தார். அவர்தான் ஆசார்ய பிரபுல்ல சந்திர ராய். ரசாயனம் படித்தவர்கள் அவரை பாதரச நைட்ரைட்டுடன் சேர்த்து நினைவில் வைத்திருப்பார்கள். அவர் மாணவர்களை உருவாக்கிய விதமும் நாம் அறிய வேண்டிய ஒன்று.

1861-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2-ஆம் தேதி, அன்றைய ஜெஸ்ஸோர் மாவட்டத்து ராருலி கிராமத்தில் (இன்று வங்கதேசத்தின் குல்னா மாவட்டம்) ராய் பிறந்தார். தந்தையார் நல்ல நூலகம் வைத்திருந்த ஜமீன்தார். பிள்ளைகளின் படிப்பை உத்தேசித்துக் குடும்பம் 1870-ல் கல்கத்தாவுக்குக் குடிபெயர்ந்தது. சில ஆண்டுகளில் கடும் சீதபேதி கண்டு சிறுவனின் பள்ளிப்படிப்பு தடைப்பட்டது. வீட்டில் தனியே தந்தையின் புத்தகங்களைப் படித்துக் காலம் கழித்தான். அன்று வந்த அஜீரணமும் தூக்கமின்மையும் ஆயுள் முழுவதும் அவரை விடவில்லை.

பின்னர் வித்யாசாகர் நடத்திய மெட்ரோபாலிடன் கல்லூரியில் சேர்ந்தார். ரசாயனப் பாடத்துக்காக பிரஸிடென்ஸி கல்லூரிக்கும் சென்று வந்தார். 1882-ல் கில்கிரைஸ்ட் உபகாரச் சம்பளம் பெற்று எடின்பரோ போனார். அங்கே ஒரு கட்டுரைப் போட்டிக்காக, 1857-க்கு முன்னும் பின்னும் இந்தியா இருந்த நிலை பற்றி, ஆங்கில ஆட்சியைத் தயங்காமல் விமர்சித்து எழுதினார். 1887-ல் டாக்டர் பட்டம் பெற்றார். பல்கலைக்கழக ரசாயன சங்கத்தின் உபதலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். சம வயதினர் கூடிப் பேசி விவாதிக்கும் ஒரு சங்கம் மாணவனுக்கு என்ன தரும் என்பதை அவர் நேரிலேயே கண்டார் எனலாம்.

1888-ல் தாயகம் திரும்பியவருக்கு ஏறக்குறைய ஓராண்டு வேலை கிடைக்கவில்லை. உயர்ந்த கல்விப் பணிப் பதவிகள் அன்று பெரும்பாலும் ஆங்கிலேயருக்கே. அந்தக் காலத்தில் நண்பர் ஜகதீச சந்திர போஸின் இல்லத்தில் தங்கினார். 1889-ல் பிரஸிடென்ஸி கல்லூரியில் மாதம் 250 ரூபாய் சம்பளத்தில் தற்காலிக உதவிப் பேராசிரியர் பதவி கிடைத்தது.

பேராசிரியராக உயர்ந்த பின்னும் முதலாண்டு வகுப்புகளைத் தாமே எடுப்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். இளம் வயதில்தான் மனம் வளைந்து கொடுக்கும், ஆகவே ஆரம்ப வகுப்புக்கே அனுபவமிக்க ஆசிரியர் வேண்டும் என்பது அவர் கொள்கை. எரித்த எலும்பின் சாம்பலை வகுப்பிலேயே வாயில் போட்டுக்கொண்டு, இது இப்போது வெறும் கால்சியம் பாஸ்பேட்தான் என்று அவர் காட்டியதாகச் சொல்வார்கள். ஆசாரமான குடும்பங்களிலிருந்து வந்த பையன்கள் அதை எளிதில் மறந்திருக்க மாட்டார்கள்.

மாலையில் கல்கத்தா மைதானத்தில் மாணவர்களும் நண்பர்களும் சூழ உட்கார்ந்து பேசுவது அவர் வழக்கம். விவாகம் செய்துகொள்ளவில்லை. 1901-02-ல் கல்கத்தாவில் கோகலேயுடன் தங்கியிருந்த காந்திஜிக்கு அவரை அறிமுகப்படுத்திய கோகலே, 800 ரூபாய் சம்பளத்தில் 40 ரூபாயைத் தமக்கு வைத்துக்கொண்டு மீதியைப் பொதுக் காரியங்களுக்குத் தருபவர் என்று சொன்னாராம். இதை காந்திஜி தம் சுயசரிதையில் பதிவு செய்திருக்கிறார். அந்தப் பொதுக் காரியங்களில் ஏழை மாணவர்களின் படிப்புச் செலவும் அடக்கம்.

1909-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அசாதாரணமான ஒரு மாணவர் கூட்டம் பிரஸிடென்ஸியில் வந்து சேர்ந்தது. சத்யேந்திரநாத் போஸ், ஞான் சந்திர கோஷ், ஞானேந்திரநாத் முகர்ஜி ஆகியோர் ஒரே சமயத்தில் படித்தார்கள். 1911-ல் டாக்காவிலிருந்து மேக்நாத் சாகா வந்தார். சிறு கடைக்காரரின் மகன். தாழ்ந்ததாகக் கருதப்பட்ட சாதி. ஈடன் ஹிந்து விடுதியில், உயர்சாதி மாணவர்கள் சிலர் சாப்பாட்டுக் கூடத்தில் அவருடன் அமர்ந்து உண்ண மறுத்தார்கள். நன்றாகப் படித்த, நல்ல குடும்பத்துப் பிள்ளைகள்தாம் இப்படி நடந்துகொண்டார்கள் என்பதை நாம் மனத்தில் கொள்ள வேண்டும். ஒரு விடுதியில் நூறு பேர் சேர்ந்து வசிப்பதாலேயே அங்கே தோழமை உண்டாகிவிடுவதில்லை. பிரம்ம சமாஜத்தைச் சேர்ந்த ராய் சாதி வேற்றுமையைக் கடுமையாகக் கண்டித்து வந்தவர். அவரிடம் ரசாயனம் பயின்ற சாகாவுக்கு அவருடைய அபிமானமும் கிடைத்தது.

1916-ல் ராய் பிரஸிடென்ஸியிலிருந்து ஓய்வு பெற்று, புதிதாக ஏற்பட்ட பல்கலைக்கழக விஞ்ஞானக் கல்லூரியில் பாலித் பேராசிரியரானார். அந்தக் கட்டடத்திலேயே ஓர் அறையில் குடியேறினார். வசதியற்ற மாணவர்கள் சிலரும் அவருடன் தங்கினர். 1921-ல் 60 வயது நிறைந்ததும், அதன் பின் வரும் சம்பளம் முழுவதையும் ரசாயனத் துறையின் வளர்ச்சிக்கே பல்கலைக்கழகத்திடம் விட்டுவிட்டார்.

1922 செப்டம்பரில் வட வங்காளத்தில் பெருவெள்ளம் வந்தது. நிவாரணக் கமிட்டிக்கு ராய் தலைவரானார். விஞ்ஞானக் கல்லூரியே அதன் தலைமை அலுவலகமாயிற்று. ரசாயனம் கற்ற இடத்தில் துணிமணிகளும் அரிசி மூட்டைகளும் வந்து குவிந்தன. பணம் லட்சக்கணக்கில் சேர்ந்தது. மாணவர்களும் இளைஞர்களும் தொண்டர்களாகத் திரண்டார்கள். சாந்தாஹார் முகாமை முன்னின்று நடத்திய 25 வயது இளைஞர் சுபாஷ் சந்திர போஸ். அரசுப் பணியில் நிவாரண வேலையைப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். நன்கொடை திரட்டுவதை விட, வந்த பழைய துணிகளைத் தரம் பிரிப்பதும், கணக்கைப் பிசகாமல் எழுதுவதும், எந்தக் கிராமத்துக்கு முதலில் படகு போக வேண்டும் என்று முடிவு செய்வதும்தான் கடினம். இந்த வேலைகளை இளைஞர்களிடம் நம்பி ஒப்படைப்பதற்குத் துணிச்சல் வேண்டும். அது ராயிடம் இருந்தது.

சாகாவும் ராயின் தலைமையில் நடந்த வெள்ள நிவாரணப் பணியில் ஈடுபட்டவர். பிற்காலத்தில் நதிகளின் வெள்ளத்தை விஞ்ஞான ரீதியாக ஆராய்ந்து கட்டுப்படுத்த வேண்டுமென்று ஓயாமல் எழுதினார். 1948-ல் தாமோதர் பள்ளத்தாக்குக் கழகம் உருவானதில் அவருடைய எழுத்துக்கும் முயற்சிக்கும் பெரும் பங்கு உண்டு. ஞான் சந்திர கோஷ் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்துக்கும், பிறகு கரக்பூர் ஐ.ஐ.டி.க்கு முதல்வராகவும் இயக்குநர் பொறுப்பேற்றார். நீல் ரத்தன் தர் அலகாபாத்தில் பெரிய ஆராய்ச்சிக் கூட்டத்தை உருவாக்கினார். ஆசிரியரிடம் பெற்றதை அவர்கள் வெவ்வேறு ஊர்களுக்குக் கொண்டு சென்றார்கள்.

படித்த வங்காள இளைஞர்கள் பட்டத்தையும் உத்தியோகத்தையுமே நாடுகிறார்கள், தொழில் தொடங்க அஞ்சுகிறார்கள் என்ற வருத்தம் ராய்க்குக் கடைசி வரை இருந்தது. 700 ரூபாய் முதலில் தொடங்கி, 1901-ல் லிமிடெட் கம்பெனியாக வளர்ந்த பெங்கால் கெமிக்கலை அவர் நிறுவியதற்கு இதுவும் ஒரு காரணம். தம் சுயசரிதையை இந்திய இளைஞர்களுக்கே சமர்ப்பித்தார்.

75 வயதில் பேராசிரியர் பதவியிலிருந்து விலகிய பின்னும் விஞ்ஞானக் கல்லூரி அறையிலேயே வசித்தார். 1944 ஜூன் 16-ஆம் தேதி அங்கேயே காலமானார்.

மாணவர்களுக்கென நிகழ்ச்சிகள் நடத்தும் அன்பர்கள் இவர் வாழ்விலிருந்து சிலவற்றை எடுத்துக்கொள்ளலாம். புதிதாக வந்த முதலாண்டு மாணவனை முதலில் கவனியுங்கள். சாப்பாட்டுக் கூடத்தில் தனியே உட்கார்ந்திருப்பவன் யார் என்று பாருங்கள். சொற்பொழிவோடு நிறுத்தாமல், பணமும் கணக்கும் பொறுப்பும் கொண்ட உண்மையான ஒரு வேலையை அவர்களிடம் கொடுங்கள். பெரியவர்கள் அடிக்கடி குறுக்கிடாமல் பக்கத்தில் இருந்தால் போதும்.