கடாரங்கொண்ட சோழன்

அரூரை அடுத்த தீர்த்தமலைக்கு யாத்திரை செல்வோர், பாறையினின்று வீழும் இராம தீர்த்தத்தில் நீராடுவர். இராவண வதத்தின் பின் இராமபிரான் சிவபூஜைக்கு நீர் வேண்டிப் பாணம் தொடுத்து வருவித்த தீர்த்தம் இதுவென்பது தலபுராணம். கடற்கரைக்கு வெகு தூரத்திலுள்ள இம்மலையிலும் கடல் கடந்த ஒரு யுத்தத்தின் நினைவு இவ்வாறு நிலைத்திருக்கிறது. அது புராணம். இத்தகடூர் நாடு சோழ சாம்ராஜ்யத்துள் அடங்கியிருந்த காலத்தில், சாசனங்களே சான்று கூறும் வேறொரு கடல் யுத்தம் நிகழ்ந்தது. அதை நடத்தியவன் முதலாம் இராஜேந்திர சோழன்.

ஆடித் திருவாதிரையில் பிறந்த இம்மன்னன், தந்தை இராஜராஜன் காலத்திலேயே படை நடத்திப் பழகியவன். 1012ல் இளவரசுப் பட்டமும், 1014ல் தனியாட்சியும் எய்தினான். ஈழத்தின் மீது படை செலுத்தி, பாண்டியர் அங்கே அடைக்கலமாக வைத்திருந்த முடியைக் கவர்ந்தான். ஐந்தாம் மகிந்தனைச் சிறைப்படுத்தினான். அவ்வரசன் 1029ல் சோழநாட்டிலேயே உயிர் நீத்தான். பின்னர் இராஜேந்திரனின் சேனாபதி வடதிசை சென்று கங்கை நீர் கொணர்ந்தான். அவ்வெற்றியின் பெயரால் கங்கைகொண்ட சோழபுரமும் சோழகங்கம் என்னும் பேரேரியும் தோன்றின.

1025ல் அவனது கலங்கள் ஸ்ரீவிஜயத்தை நோக்கிப் புறப்பட்டன. சுமத்ராவையும் மலேயாவையும் தன்வயப்படுத்தி, சீனத்துக்குச் செல்லும் கடல்வழியின் வாயிலைக் காத்து நின்ற அரசு அது. ஸ்ரீவிஜயம், பண்ணை, மலையூர், இலங்காசோகம், தலைத்தக்கோலம், மாதமாலிங்கம், இலாமுரி தேசம், மாநக்கவாரம், கடாரம் எனத் தாக்குண்ட துறைகளையும் நாடுகளையும் மெய்க்கீர்த்தி வரிசைப்படுத்துகிறது. மாநக்கவாரம் இன்றைய நிகோபார். கடாரம் இன்றைய கெடா. அரசன் சங்கிராம விஜயோத்துங்கவர்மன் பிடிபட்டான். அவனுடைய யானைகளும், திரண்ட பொருளும், போர்வாயிலை அணிசெய்த தோரணமும் சோழர் வசமாயின. ஒரு துறையில் இறங்கி அடித்து, மீண்டும் கலமேறி, அடுத்த துறைக்கு விரைவதே இப்படையெடுப்பின் போக்கு.

இப்போரின் காரணத்தை ஆராய்வோர் ஓர் உண்மையை மறத்தலாகாது. இவ்விரு அரசுகளும் ஒரு காலத்தில் நட்புப் பூண்டிருந்தவை. நாகப்பட்டினத்தில் கடாரத்தரசன் எழுப்பிய பௌத்த விஹாரத்துக்கு இராஜராஜன் ஆனைமங்கலத்தைத் தானமளித்தான். அத்தானத்தைச் செப்பேட்டில் பொறிப்பித்தவன் இராஜேந்திரனே. தந்தையின் வாக்கைக் காத்த கையே பின்னர் அந்நாட்டின் மீது வாளுயர்த்தியது. சீன வாணிபத்தின் ஆதாயமே இதற்கு முதற்காரணம் எனச் சரித்திர ஆசிரியர் பலர் கருதுகின்றனர்.

ஆயினும் சோழர் அங்கே நிலைத்த ஆட்சி நிறுவவில்லை. பிற்காலத்தில் வீரராஜேந்திரன் கடாரத்தை வென்று அதன் அரசனுக்கே மீள அளித்ததாகச் சாசனம் கூறுகிறது. 1090ல் குலோத்துங்கன் நாகப்பட்டினத்து விஹாரத் தானத்தைப் புதுப்பித்தான். எனவே இதனைக் குடியேற்ற சாம்ராஜ்யம் என்பது பிழை. தீங்கற்ற திக்விஜயம் என்பதும் பிழையே. கொள்ளை கொள்ளையே. அயல்நாட்டார் கலமேறி வந்து நம்மை ஆண்டதைக் கண்டித்த நாம், நம்மவர் கலமேறிச் சென்றதையும் அதே தராசில் நிறுத்தல் வேண்டும். தேசபக்திக்கு அதனால் குறைவு வாராது. பொய்ப் பெருமையே அதற்குப் பகை.

மற்றொன்றும் சிந்திக்கத் தக்கது. கைக்கோளர், வேளைக்காரர், வில்லாளர், குதிரைச் சேவகர் எனச் சோழப் படைப்பிரிவுகளின் பெயர்களைத் தஞ்சைப் பெரியகோயிற் கல்வெட்டுக்களில் காண்கிறோம். வெற்றியைப் பாடும் மெய்க்கீர்த்தியோ பல கலங்கள் சென்றன என்கிறதேயன்றி, அவற்றைச் செலுத்திய மாலுமிகளையும், அந்நியக் கரையில் குதித்த படைஞரையும், திரும்பி வாராதவரையும் எண்ணிச் சொல்லவில்லை. அரசன் கடாரங்கொண்டான் எனப்பட்டான். கொண்டு கொடுத்தவர் பெயரிழந்தார். 2025ல் இப்படையெடுப்பின் ஆயிரமாண்டு நிறைவைக் கொண்டாடிய நாடு, அவர்களையும் நினைத்தல் கடமையாகும்.

1044ல் இராஜேந்திரன் மறைந்தான். அரசி வீரமாதேவி உடன் தீப்புகுந்தாள். அவ்விருவரின் தாகந் தணிய, அரசியின் உடன்பிறந்த சேனாபதி பிரமதேசத்தில் தண்ணீர் வார்க்க அறம் வைத்ததாக அவ்வூர்ச் சாசனம் கூறுகிறது. கங்கை நீர் கொணர்வித்து, கீழ்க்கடலைக் கலங்களால் நிறைத்தவனுக்கு இறுதியில் வேண்டியிருந்தது, வழிப்போக்கர் குடிக்கும் ஒரு குவளைத் தண்ணீரின் புண்ணியமே. கைப்பற்றிய தோரணம் எங்கே போயிற்று என்று தேடுவாரில்லை. அத்தண்ணீரறம் இன்னும் கல்லில் நிற்கிறது.