ஹாக்கி கேப்டன் முதல் மராங் கோம்கே வரை... யார் இந்த ஜெய்பால் சிங் முண்டா? கல்வராயன் மலைக்கு அவர் ஏன் முக்கியம்?

கள்ளக்குறிச்சி மாவட்டம் மூங்கில்துறைப்பட்டு. தென்பெண்ணை ஆற்றங்கரை ஊர். கூட்டுறவு சர்க்கரை ஆலை, கரும்பு வண்டிகள் என்று சமவெளி வாழ்க்கை. அங்கிருந்து தென்மேற்கே போனால் கல்வராயன் மலை. அந்த மலையில் வாழும் மலையாளி பழங்குடி மக்களைப் பத்தி வெளியே வருகிற செய்தி பெரும்பாலும் ஒன்றுதான்: சாராய ரெய்டு. (மலையாளி என்றால் இங்கே கேரளக்காரர் இல்லை, மலையை ஆள்பவர்.)

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் பிறகு சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் வாழ்வாதாரம் குறித்து தாமாக முன்வந்து வழக்கை விசாரணைக்கு எடுத்தது. அந்த மக்களுக்கு என்ன தேவை என்று எல்லோரும் பேசினார்கள். அதை அந்த மக்களே கூடி உட்கார்ந்து சொல்ல ஏற்பாடு இருக்கா?

கிட்டத்தட்ட இதே கேள்வியை 1946-லேயே டெல்லியில் எழுப்பியவர்தான் ஜெய்பால் சிங் முண்டா. இந்தியாவுக்கு ஒலிம்பிக் தங்கம் வாங்கித் தந்த ஹாக்கி அணியின் கேப்டன். ஐ.சி.எஸ். பதவியை விட்டு வந்தவர். அரசியல் நிர்ணய சபையில் பழங்குடிகளின் குரல். ஆனா நம்ம பாடப் புத்தகங்கள்ல இவர் பெயரை அதிகம் பார்க்க முடியாது.

பூசாரி குலத்துப் பையன்

இன்றைய ஜார்க்கண்ட் மாநிலம் குந்தி பகுதியில் டக்ரா பாஹன்டோலி என்று ஒரு முண்டா கிராமம். 1903 ஜனவரி 3-ம் தேதி அங்கே பிறந்தார். முதலில் வைத்த பெயர் பிரமோத் பாஹன். பாஹன் என்றால் ஊர்ப் பூசாரி.

அவர் பிறப்பதற்கு மூன்று வருஷம் முன்னாடிதான், 1900-ல், பிர்சா முண்டா ராஞ்சி சிறையில் இறந்திருந்தார். காட்டைத் திருத்தி நிலமாக்கிய முண்டாக்களிடமிருந்து அந்த நிலம் ஜமீன்தார்கள், வட்டிக்காரர்கள் கைக்குப் போனதை எதிர்த்து நடந்த எழுச்சி அது. அதன் விளைவாக 1908-ல் சோட்டாநாக்பூர் குத்தகைச் சட்டம் வந்தது. ஜெய்பால் வளர்ந்தது அந்தச் சூடு ஆறாத மண்ணில்.

ஊர்தான் முதல் பள்ளிக்கூடம்

முண்டா கிராமத்தில் தலைவர் எப்படி உருவாகிறார் என்பதைப் புரிந்துகொண்டால்தான் ஜெய்பாலைப் புரிந்துகொள்ள முடியும்.

ஊர் நிர்வாகத்துக்குத் தலைவர் ‘முண்டா’. சாமி காரியங்களுக்கு ‘பாஹன்’. பல ஊர்கள் சேர்ந்தால் ‘பர்ஹா’, அதற்குத் தலைவர் ‘மான்கி’. ஊர் நடுவே ‘அக்ரா’ என்ற மைதானம். ஆட்டம், பாட்டு, ஊர்க்கூட்டம் எல்லாம் அங்கேதான். இளைஞர்கள் இரவில் சேர்ந்து தங்க ‘கிதிஓடா’ என்ற வீடு. கதை, விடுகதை, பாட்டு, ஊர் வழக்கம் எல்லாம் பெரியவர்களிடமிருந்து சிறியவர்களுக்குப் போய்ச் சேர்வது அங்கேதான். இதற்குப் பாடப் புத்தகம் கிடையாது, பரீட்சை கிடையாது. கேட்டுக் கேட்டு, கூட இருந்து பழகித்தான் ஒருவர் ஊர் நியாயம் பேசும் தகுதிக்கு வருவார்.

இன்னொரு முக்கியமான விஷயம் ‘சசான்திரி’. முன்னோர்களைப் புதைத்த இடத்தில் வைக்கும் பெரிய பலகைக்கல். இந்த மண்ணில் எங்கள் தாத்தன் பூட்டன் இருந்தான் என்பதற்கு அதுதான் சாட்சி. முண்டாக்களுக்குக் கல்தான் பட்டா.

ஆக்ஸ்போர்டும் ஆம்ஸ்டர்டாமும்

ராஞ்சியில் செயின்ட் பால்ஸ் பள்ளியில் படித்த சிறுவனின் திறமையைப் பார்த்த மிஷனரி தலைமையாசிரியர், 1918-ல் அவரை இங்கிலாந்துக்கு அழைத்துப் போனார். அங்கே ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில் படித்தார். ஹாக்கியில் பல்கலைக்கழகத்தின் ‘புளூ’ கௌரவம் பெற்றார். ஐ.சி.எஸ். தேர்விலும் தேறி, பயிற்சியில் இருந்தார்.

1928-ல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக் வந்தது. இந்திய ஹாக்கி அணிக்கு கேப்டனாக அழைப்பு. ஆனா ஐ.சி.எஸ். பயிற்சியில் லீவு கிடைக்கவில்லை. லீவு இல்லாமலேயே விளையாடப் போனார். தியான்சந்த் இருந்த அந்த அணி 29 கோல் போட்டது, ஒரு கோல்கூட வாங்கவில்லை. தங்கம் வென்றது. ஆனால் அணிக்குள் ஏற்பட்ட பிரச்சனையால் ஜெய்பால் இறுதிப் போட்டிக்கு முன்பே விலகிவிட்டார். திரும்பிப் போனபோது பயிற்சியை இன்னும் ஒரு வருஷம் நீட்டிக்கச் சொன்னார்கள். வேண்டாம் என்று ஐ.சி.எஸ்.ஸையே விட்டுவிட்டார்.

அதன் பிறகு கல்கத்தாவில் எண்ணெய் நிறுவன வேலை, ஆப்பிரிக்காவின் கோல்டு கோஸ்ட்டில் (இன்றைய கானா) ஆசிரியர் பணி, ராய்ப்பூர் ராஜ்குமார் கல்லூரி, பிகானீர் சமஸ்தானத்தில் உயர் பதவி. வசதிக்குக் குறைவே இல்லை.

ஊர் கொடுத்த பட்டம்

1939 ஜனவரியில் ராஞ்சியில் ஆதிவாசி மகாசபை மாநாடு. முண்டா, ஓராவன், ஹோ, சந்தால் என்று பல சமூகத்து மக்கள் கூடினார்கள். 36 வயது ஜெய்பால் தலைவரானார். மக்கள் அவரை ‘மராங் கோம்கே’ என்று அழைத்தார்கள். பெருந்தலைவர் என்று பொருள்.

கவனிக்க வேண்டிய விஷயம் இது. அந்தக் கூட்டத்தை அவர் புதிதாகக் கட்டவில்லை. ஊர், பர்ஹா, அக்ரா என்று ஏற்கெனவே கூடிப் பழகிய மக்கள் அவர்கள். ஆங்கிலம் பேசி டெல்லியில் வாதாட ஒரு ஆள் அவர்களுக்குத் தேவைப்பட்டது. ஆக்ஸ்போர்டு அவருக்கு மொழியைக் கொடுத்தது. பேசும் உரிமையைக் கொடுத்தது ஊர்தான்.

அரசியல் நிர்ணய சபையில் என்ன பேசினார்?

1946 டிசம்பர் 19. அரசியல் நிர்ணய சபையில் குறிக்கோள் தீர்மானத்தின் மீது பேச எழுந்தார் ஜெய்பால். காட்டுவாசி என்று மற்றவர்கள் இழிவாகச் சொல்லும் சொல்லையே தன் அடையாளமாகச் சொல்லிப் பெருமையோடு ஆரம்பித்தார். பழங்குடிகளுக்கு ஜனநாயகத்தைச் சொல்லித்தர வேண்டியதில்லை, அவர்களிடமிருந்துதான் மற்றவர்கள் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது அவர் வாதத்தின் சாரம். சபையில் ஆண்களே நிறைந்திருப்பதைச் சுட்டிக்காட்டி, பெண்கள் அதிகம் வேண்டும் என்றும் கேட்டார்.

இந்தி மொழிபெயர்ப்பில் ஆதிவாசி என்ற சொல்லே வேண்டும் என்று போராடினார். அது நடக்கவில்லை. மதுவிலக்கு விவாதத்தின்போது, அரிசியில் ஊறவைக்கும் பானம் பழங்குடிகளின் வழிபாட்டிலும் வயல் வேலையிலும் கலந்தது, அவர்களைக் கேட்காமல் அதில் கைவைக்கக் கூடாது என்று வாதாடினார். ஒரு சமூகத்தின் வழக்கத்தைப் பற்றி முடிவெடுக்கும்போது அந்தச் சமூகம் அந்த அறையில் இருக்க வேண்டும். அவர் கேட்டது அவ்வளவுதான்.

சறுக்கிய இடம்

மகாசபை பிறகு ஜார்க்கண்ட் கட்சியானது. 1952 தேர்தலில் சேவல் சின்னத்தில் நின்று பீகார் சட்டமன்றத்தில் 30-க்கும் மேற்பட்ட இடங்களைப் பிடித்து முக்கிய எதிர்க்கட்சியானது. தனி மாநிலக் கோரிக்கையை 1955-ல் மாநில மறுசீரமைப்பு ஆணையம் நிராகரித்தது. அடுத்தடுத்த தேர்தல்களில் பலம் குறைந்தது. 1963-ல் கட்சியை காங்கிரஸோடு இணைத்தார் ஜெய்பால்.

தொண்டர்கள் பலருக்கு இது பேரிடி. ஊர் கூடிப் பேசி முடிவெடுப்பதே எங்கள் வழக்கம் என்று உலகத்துக்குச் சொன்னவர், தன் வாழ்க்கையின் மிகப்பெரிய முடிவில் அந்த ஊரின் மனசைப் பெறவில்லை என்பதுதான் இன்றைக்கும் அவர் மீதுள்ள விமர்சனம். 1970 மார்ச் 20-ல் டெல்லியில் காலமானார். அவர் கேட்ட ஜார்க்கண்ட் 2000 நவம்பர் 15-ல், பிர்சா முண்டாவின் பிறந்தநாளில், தனி மாநிலமானது.

சரி, கல்வராயன் மலைக்கு என்ன சம்பந்தம்?

பாரம்பரியம் என்றாலே எல்லாம் நல்லது என்று சொல்லிவிட முடியாது. கல்வராயன் மலை 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்தது. அதுவும் வழிவழியாக வந்த தலைமைதான். ஆனா அது ஊரைக் கேட்டு நடந்த தலைமை இல்லை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் ஜெய்பாலின் வாழ்க்கை காட்டுகிறது, அவர் ஜெயித்த இடத்திலும், சறுக்கிய இடத்திலும்.

ஜார்க்கண்ட் உட்பட 10 மாநிலங்களில் அரசியல் சட்டத்தின் ஐந்தாவது அட்டவணைப்படி அறிவிக்கப்பட்ட பழங்குடிப் பகுதிகள் உள்ளன. 1996-ல் வந்த பெசா சட்டம் அங்கே கிராம சபைக்குக் கூடுதல் அதிகாரம் கொடுக்கிறது. தமிழ்நாட்டில் அப்படி அறிவிக்கப்பட்ட பகுதி ஒன்றுகூட இல்லை. அதனால் கல்வராயன் மலைக்கு பெசா சட்டம் பொருந்தாது.

அப்படின்னா கையில் என்ன இருக்கு? 2006 வன உரிமைச் சட்டம் இருக்கு. அதன்படி உரிமை கோரும் வேலை தொடங்குவதே கிராம சபையில்தான். நில உரிமைக்கு ஆதாரமாக அரசாங்கக் காகிதம் மட்டும் வேண்டும் என்பதில்லை. ஊர்ப் பெரியவர்கள் சொல்வதை எழுதி வைத்தால் அதுவும் ஆதாரம். பழைய கிணறு, இடுகாடு, கோயில் இடம் இவையும் ஆதாரம் என்கிறது அந்தச் சட்டத்தின் விதி.

முண்டா கிராமத்துக் கல் எதைச் சொன்னதோ, அதையே சட்டமும் இப்போது ஒப்புக்கொண்டிருக்கிறது. இந்தக் கிணற்றை யார் வெட்டினார்கள், இந்த இடுகாட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்பது கல்வராயன் மலையின் தாத்தா பாட்டிகளுக்குத் தெரியும். அதைக் கேட்டு வைத்துக்கொண்டு கிராம சபையில் எழுந்து பேசும் பையனோ பொண்ணோதான் அந்த மலையின் அடுத்த தலைவர். தாத்தா பாட்டிகள் இருக்கும்போதே கேட்டாக வேண்டும் என்பதுதான் இதில் இருக்கிற அவசரம்.