அடைக்கல ஊரில் வாழ்ந்த வீரமாமுனிவர்



கும்மிடிப்பூண்டி இரயில் நிலையத்தில் காலை ஷிப்டு மாறும் நேரத்தில் சற்று நின்று பாருங்கள். தமிழ், தெலுங்கு, இந்தி, ஒடியா, வங்காளம் என்று பல மொழிகள் ஒரே நடைமேடையில் காதில் விழும். சிப்காட் தொழிற்பேட்டை வருவதற்கு முன் வயலும் ஏரியுமாக இருந்த சிற்றூர்களில் இன்று வெளிமாநிலத் தொழிலாளர்கள் அறைக்குப் பத்துப் பேராகக்கூடத் தங்கியிருக்கிறார்கள். போருக்கு அஞ்சிக் கடல் கடந்து வந்த இலங்கைத் தமிழர்களின் முகாமும் 1990 முதல் இங்கே இருக்கிறது. பிழைப்புத் தேடி வந்தவர்களும் உயிர் பிழைக்க வந்தவர்களும் நமக்கு அண்டை வீட்டார் ஆகியிருக்கிறார்கள்.

ஆனால் ஞாயிறு திருப்பலியில் கடைசி வரிசையில் நின்றுவிட்டு, யாரிடமும் பேசாமல் வெளியேறும் இளைஞர்களின் பெயரை நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? பங்குப்பணியாளராகிய நாமும் பல நாள் கேட்காமல் இருந்துவிட்டோம். இந்த உறுத்தலோடுதான் வீரமாமுனிவரின் வாழ்க்கையை இன்று எண்ணிப் பார்க்கிறோம்.

வீரமாமுனிவர் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது சென்னைக் கடற்கரைச் சிலை. 1968ஆம் ஆண்டு உலகத் தமிழ் மாநாட்டையொட்டி அது நிறுவப்பட்டது. சிலை பெருநகரில் இருந்தாலும், அவருடைய வாழ்வின் பெரும்பகுதி கழிந்தது அந்தக் காலத்து நிலப்படங்களில் தேடினாலும் கிடைக்காத சிற்றூர்களில்தான்.

அவர் பிறந்ததும் ஒரு சிற்றூரே. வட இத்தாலியில் மாந்துவா நகருக்கு அருகிலுள்ள காஸ்திலியோனே என்ற ஊரில் 1680ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் பிறந்தார். கொன்ஸ்தான்சோ ஜோசப் பெஸ்கி என்பது இயற்பெயர். புனித அலோசியுஸ் கொன்சாகா பிறந்ததும் இதே ஊரில்தான். அரசுரிமையைத் துறந்து இயேசு சபையில் சேர்ந்த அந்த இளைஞர், உரோமையில் கொள்ளைநோயால் வாடியவர்களுக்குப் பணிவிடை செய்து, அதே நோய்க்கு 1591இல் தம் 23ஆம் வயதில் உயிர் கொடுத்தார். அந்தப் புனிதரின் நினைவு நிறைந்த ஊரில் வளர்ந்த பெஸ்கியும் 1698இல் இயேசு சபையில் சேர்ந்தார். 1709இல் குருத்துவ அருட்பொழிவு பெற்றார். மறு ஆண்டே லிஸ்பன் துறைமுகத்தில் கப்பல் ஏறிக் கோவா வந்து சேர்ந்தார். அங்கிருந்து தெற்கே மதுரை மறைத்தளத்திற்கு வந்தபோது அவருக்கு வயது முப்பதுதான். தாய்நாட்டிற்கு அவர் திரும்பிச் செல்லவே இல்லை.

இங்கு வந்ததும் அவர் செய்த முதல் வேலை மாணவராக உட்கார்ந்தது. இராபர்ட் தெ நொபிலி அடிகளார் காட்டிய வழியில் காவி உடுத்தினார், மரக்கறி உணவை ஏற்றார், தமிழ்ப் புலவர்களிடம் பாடம் கேட்டார். கொன்ஸ்தான்சோ என்ற பெயரைத் தைரியநாதர் என்று தமிழாக்கிக் கொண்டார். மக்கள் பின்னாளில் அவரை வீரமாமுனிவர் என்று அழைத்தனர். பணியின் தொடக்க ஆண்டுகளில் தென்பகுதியில் இருந்தபோது அவர் பிடிக்கப்பட்டு, மரண தண்டனையின் வாசல் வரை சென்று மீண்டார். அந்நியனாக ஓர் ஊரில் நிற்பது எப்படிப்பட்டது என்பதை அவர் அனுபவித்து அறிந்தவர்.

அவருடைய பெயரோடு இணைந்துவிட்ட ஊர்களில் முதன்மையானது ஏலாக்குறிச்சி. இன்றைய அரியலூர் மாவட்டத்தில் திருமானூருக்கு அருகே, கொள்ளிடத்தின் வடகரைப் பகுதியில் உள்ளது. ஆற்றுக்குத் தெற்கே தஞ்சை அரசு, வடக்கே அரியலூர் மழவராயரின் பாளையம். 1701இல் தஞ்சைப் பகுதியில் கிறிஸ்தவர்கள் கடும் துன்பத்துக்கு உள்ளானார்கள். அவ்வாறு விரட்டப்பட்டவர்கள் கொள்ளிடத்தைக் கடந்து வந்து இக்கரையில் தஞ்சம் புகுந்தார்கள் என்பது அப்பகுதியின் நினைவு. அப்படி வந்தவர்களின் ஊரில்தான் வீரமாமுனிவர் தங்கினார். அங்கே அன்னை மரியாவுக்குக் கோயில் எழுப்பி, அடைக்கல மாதா என்று பெயரிட்டார். ஊருக்குத் திருக்காவலூர் என்று பெயர் சூட்டி, திருக்காவலூர்க் கலம்பகம் பாடினார். பாட்டுடைத் தலைநகர் என்றால் மதுரை, தஞ்சை என்று புலவர்கள் எண்ணிய நாளில், ஓடி வந்தவர்களின் குடிசைகள் நிறைந்த ஊருக்கு இலக்கியத்தில் ஓர் இடம் தந்தார்.

நோயுற்றிருந்த அரியலூர் மழவராயரை அவர் பச்சிலை மருத்துவத்தால் குணப்படுத்தியதாகவும், அதற்கு நன்றியாக மன்னர் கோயிலுக்கு நிலம் அளித்ததாகவும் ஏலாக்குறிச்சி மக்கள் இன்றும் சொல்கிறார்கள். விருத்தாசலத்திற்கு அருகேயுள்ள கோணான்குப்பத்தில் அவர் பெரியநாயகி மாதா கோயிலைக் கட்டினார். அங்கே மாதா தமிழ்ப் பெண்ணின் கோலத்தில் சேலை உடுத்தி நிற்கிறார். முகாசாபரூர்ப் பாளையக்காரரான கச்சிராயரின் குடும்பத்திற்கும் இக்கோயிலுக்கும் உள்ள உறவை அவ்வூர் மரபு போற்றி வருகிறது. இந்துக்களான சிற்றரசர்களின் நல்லெண்ணத்தில்தான் நம் முன்னோரின் பல கோயில்கள் எழுந்தன. அடைக்கலம் கொடுப்பது அவர்களுக்கும் அறமாக இருந்தது.

இந்த ஊர்களைத் தளமாகக் கொண்டு உழைத்த காலத்தில்தான் தேம்பாவணி பிறந்தது. மூன்று காண்டம், 36 படலம், 3615 பாடல்கள் கொண்ட பெருங்காப்பியம் அது. 1726ஆம் ஆண்டு நிறைவுற்றதாகக் கூறுவர். காப்பியத் தலைவர் யார்? அரசர் இல்லை, போர்வீரர் இல்லை. நாசரேத்துத் தச்சரான புனித சூசையப்பர். உளியும் வாளும் பிடித்து உழைத்தவரும், ஏரோதின் கொலைவெறிக்கு அஞ்சி இரவோடு இரவாக மனைவியையும் குழந்தையையும் அழைத்துக்கொண்டு எகிப்துக்குப் போனவரும் அவர்தான். நம் நாளில் அவரைத் தொழிலாளி என்றும் அகதி என்றும் சொல்வோம். அந்த எகிப்துப் பயணத்தையும் அந்நிய மண்ணில் திருக்குடும்பம் வாழ்ந்த நாள்களையும் காப்பியம் விரிவாகப் பாடுகிறது. தஞ்சம் தேடி வந்தவர்களின் நடுவே வாழ்ந்த ஒருவர், தஞ்சம் தேடிப் போன குடும்பத்தைத் தம் காப்பியத்திற்குப் பொருளாகக் கொண்டது நம்மை நெடுநேரம் சிந்திக்க வைக்கிறது. தமிழ்க் காப்பிய மரபின்படி நாட்டுப் படலம், நகரப் படலம் என்று தொடங்கி, யூதேயா நாட்டையே வயலும் வாய்க்காலும் பாயும் தமிழ் நிலமாக அவர் வரைந்தார். உழவர்களுக்குத் திருக்குடும்பம் அயலாராகத் தோன்றக்கூடாது என்பதே அவருடைய எண்ணமாக இருந்திருக்க வேண்டும்.

புலமைப் பணியும் தொடர்ந்தது. தொன்னூல் விளக்கம், 1732இல் சதுரகராதி, திருக்குறளின் அறத்துப்பாலுக்கும் பொருட்பாலுக்கும் இலத்தீன் மொழிபெயர்ப்பு, வேதியர்களுக்கு வழிகாட்டும் வேதியர் ஒழுக்கம், சிரிக்க வைக்கும் பரமார்த்த குரு கதை என்று அவர் கை ஓயவில்லை. எகர ஏகாரத்தையும் ஒகர ஓகாரத்தையும் பிரித்து எழுதும் முறையைச் சீராக்கியதால், நாம் எழுதும் ஒவ்வொரு கடிதத்திலும் அவருடைய கைவண்ணம் இருக்கிறது.

அவரிடம் குறையே இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. தரங்கம்பாடியில் பணியாற்றிய லூத்தரன் சபையினரை மறுத்து அவர் எழுதிய நூல்களில் அக்காலத்துக் கடுமை உண்டு. இன்றைய கிறிஸ்தவ ஒன்றிப்பு உணர்வோடு அவற்றைப் படித்தால் மனம் சங்கடப்படும். ஆயினும் அவர் இலத்தீனில் எழுதிய கொடுந்தமிழ் இலக்கணத்தை 1738இல் அச்சிட்டு வெளியிட்டது அதே தரங்கம்பாடி லூத்தரன் அச்சகம்தான். மறையில் மோதியவர்களையும் மொழி ஒரே மேசையில் உட்கார வைத்தது.

திருச்சியில் சந்தா சாகிபின் நட்பு அவருக்குக் கிடைத்தது. அவர் திவானாகப் பல்லக்கில் சென்றார் என்பன போன்ற கதைகள் பல வழங்குகின்றன. அவற்றையெல்லாம் வரலாறாகக் கொள்ள முடியாது. 1741இல் மராட்டியர் திருச்சியைக் கைப்பற்றியபின் நிலைமை மாறியது. முதுமையில் அவர் தெற்கே கடற்கரை ஊர்களுக்குச் சென்றார். பிறகு சேரநாட்டு அம்பலக்காட்டில் 1747ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார் என்பது பலரும் ஏற்கும் செய்தி. ஓரியூரில் புனித அருளானந்தர் இரத்தம் சிந்தியதும் 1693இல் இதே பிப்ரவரி 4 அன்றுதான். பிறருக்கு அடைக்கலம் தந்தவர், கடைசி நாள்களில் தாமே பிறர் ஊரில் தங்கித்தான் கண்மூடினார்.

அவர் பிறந்த ஊரின் கதை அதோடு முடியவில்லை. 1859ஆம் ஆண்டு ஜூன் 24 அன்று அருகிலுள்ள சோல்பெரினோவில் பெரும் போர் நடந்தது. காயமடைந்த ஆயிரக்கணக்கான வீரர்கள் காஸ்திலியோனே ஊருக்குக் கொண்டுவரப்பட்டனர். அவ்வூர்ப் பெண்கள் கோயில் கதவுகளைத் திறந்து, எந்த நாட்டுப் படை என்று பாராமல் எல்லாருடைய காயத்தையும் கட்டினார்கள். அதைக் கண்டு அவர்களோடு சேர்ந்து உழைத்த ஹென்றி துனாந்தின் உள்ளத்தில் விழுந்த விதைதான் 1863இல் செஞ்சிலுவை இயக்கமாக முளைத்தது. ஒரு சிற்றூர் தன் கோயில் கதவைத் திறந்ததால் உலகத்துக்கே நன்மை விளைந்தது.

அன்பிற்குரியவர்களே, நாசரேத்திலிருந்து நல்லது வர முடியுமா என்று நத்தனியேல் ஐயப்பட்டார். சிற்றூர்களைப் பற்றி உலகம் எப்போதும் அப்படித்தான் ஐயப்படும். ஓர் ஊர் பெரிதாவது கட்டடத்தாலோ தொழிற்சாலைப் புகைக்கூண்டாலோ அன்று. தன் வாசலில் வந்து நிற்பவரை அது எப்படி ஏற்றுக்கொள்கிறது என்பதைப் பொறுத்தே அதன் பெருமை அமைகிறது. ஏலாக்குறிச்சி அடைக்கலத்தால் பெயர் பெற்றது. நம் கும்மிடிப்பூண்டிக்கும் திருவள்ளூருக்கும் அவற்றைச் சுற்றியுள்ள சிற்றூர்களுக்கும் நாளைய மக்கள் எந்தப் பெயரை வைப்பார்கள்?

பெரிய திட்டம் ஒன்றும் வேண்டாம். முப்பது வயதில் வந்த முனிவர் நம் மொழியை எழுத்துக்கூட்டிக் கற்றார். நாம் ஒடிசாவிலிருந்தோ ஜார்க்கண்டிலிருந்தோ வந்த ஒரு தம்பியின் மொழியில் நலம் விசாரிக்க இரண்டு சொல்லாவது கற்றுக்கொள்ளலாம். முகாமில் வாழும் குடும்பத்தை நம் அன்பியக் கூட்டத்திற்கு அழைக்கலாம். அடுத்த ஞாயிறு கடைசி வரிசையில் நிற்பவரின் பெயரைக் கேட்டு, முன்னால் வந்து அமரச் சொல்லலாம். நாமும் அதைத் தொடங்கியிருக்கிறோம்.

அகதியாய் அலைந்த திருக்குடும்பம் நம் ஊர்களைக் காப்பதாக. அடைக்கல அன்னை நமக்காக வேண்டிக்கொள்வாராக.