மீட்டரை அளந்த மெஷேன்: சாகும்வரை ஒளித்து வைத்த அந்த '3 செகண்ட்'

கேப் டிரைவருக்கு அனுப்பிய லொகேஷன் 100 மீட்டர் தள்ளிக் காட்டினால் ஒரு போன் போட்டுச் சரி பண்ணிடலாம். கிட்டத்தட்ட அதே 100 மீட்டர்தான், பியர் மெஷேன் என்ற பிரெஞ்சு வானியலாளரின் கடைசிப் பத்து ஆண்டு நிம்மதியைக் காலி செய்தது.

யார் இந்த மெஷேன்?

1744-ல் பிரான்ஸின் லான் நகரில் பிறந்தவர். அப்பாவுக்குச் சுவர் பூச்சு வேலை. கணக்கில் கெட்டியான மகன், கடற்படையின் வரைபடப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தார். ராத்திரியானால் தொலைநோக்கிதான். பல வால்நட்சத்திரங்களைக் கண்டுபிடித்தார். எம்101 கேலக்ஸியை முதலில் பார்த்தவரும் இவரே.

அப்போது பிரான்ஸில் ஊருக்கு ஊர் வேற வேற அளவு. புரட்சி வந்ததும், எல்லோருக்கும் பொதுவாக ஒரே அளவு வேண்டும் என்று 1791-ல் முடிவானது. வட துருவத்தில் இருந்து பூமத்திய ரேகை வரையிலான தூரத்தில் ஒரு கோடியில் ஒரு பங்கு. அதுதான் மீட்டர்.

துருவம் வரை போய் அளக்க முடியாதே? அதனால் டன்கிர்க் முதல் பார்சிலோனா வரை மட்டும் அளந்து, மீதியைக் கணக்குப் போடத் திட்டம். 1792 ஜூனில் வடபகுதிக்கு டெலாம்பர் கிளம்பினார், தென்பகுதிக்கு மெஷேன். கோபுரங்களையும் மலை உச்சிகளையும் முக்கோணங்களாக இணைத்து தூரம் கண்டுபிடிக்கணும். இரு முனைகளின் அட்சரேகையை நட்சத்திரங்களைப் பார்த்துக் கணிக்கணும். அதில் பிசகினால் மொத்தக் கணக்கும் பிசகும்.

பார்சிலோனாவில் என்ன ஆனது?

மோன்ஜுயிக் மலைக்கோட்டையில் முதல் குளிர்காலம் முழுக்க அளந்தார். எல்லாம் கச்சிதம். 1793-ல் பிரான்ஸும் ஸ்பெயினும் போரில் இறங்கின. அதே ஆண்டு, தண்ணீர் இறைக்கும் இயந்திரம் ஒன்றைப் பார்க்கப் போன இடத்தில் விபத்து. மூன்று நாள் நினைவில்லை. எழுந்தபோது ஊருக்குப் போக அனுமதி இல்லை, கோட்டைக்குள்ளும் விடலை.

சும்மா இருக்க மனசில்லாமல், தங்கியிருந்த விடுதியிலேயே மறுபடி அளந்தார். கோட்டைக்கும் விடுதிக்கும் இடையிலான தூரம் தெரியும் என்பதால் இரண்டு கணக்கும் ஒத்துப்போகணும். போகலை. சுமார் 3 ஆர்க் செகண்ட் வித்தியாசம். ஒரு டிகிரி அட்சரேகை சுமார் 111 கிலோமீட்டர். அதை 3,600 ஆகப் பிரித்தால் ஒரு ஆர்க் செகண்ட், அதாவது 31 மீட்டர். மூன்றுக்கு 93 மீட்டர். இந்தக் கருவியில் அவ்வளவு பிசகு வரவே கூடாது.

அவர் யாரிடமும் சொல்லவில்லை. கோட்டை எண்களை மட்டும் கொடுத்தார். 1798-ல் மனைவியே தெற்கே போய்ப் பேசித்தான் வேலையை முடிக்க வைக்க வேண்டியிருந்தது. துருவம் முதல் பூமத்திய ரேகை வரை 51,30,740 துவாஸ் என்று கணக்கு வந்தது. துவாஸ் என்பது பழைய பிரெஞ்சு அளவு, சுமார் 1.949 மீட்டர். கோடியால் வகுத்தால் 0.513074 துவாஸ். அந்த நீளத்துக்குப் பிளாட்டினக் கம்பி செய்து 1799 ஜூனில் ஒப்படைத்தார்கள். மெஷேனுக்கு பாரிஸ் வானாய்வகத்தின் தலைமைப் பொறுப்பு வந்தது. ஊரே கொண்டாடியது, அவர் மட்டும் உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தார்.

1803-ல், அளவைப் பலேரிக் தீவுகள் வரை நீட்டப் போகிறேன் என்று திரும்ப ஸ்பெயினுக்குக் கிளம்பினார். அப்படி நீட்டினால் பழைய பார்சிலோனா எண் தேவைப்படாது. அடுத்த ஆண்டு செப்டம்பர் 20 அன்று, காஸ்தெயோனில் காய்ச்சலில் இறந்தார். அவர் குறிப்பேடுகளைப் பிரித்த பிறகுதான், எண்கள் திருத்தப்பட்டிருந்தது டெலாம்பருக்குத் தெரிந்தது.

1828-ல் நிக்கோலே என்ற வானியலாளர் அதே எண்களை மறுபடி போட்டுப் பார்த்தார். பிழை மெஷேனின் கண்ணிலோ கையிலோ இல்லை. கருவிதான் ஒரே பக்கமாக இழுத்திருந்தது. எத்தனை முறை அளந்தாலும் ஒரே விடை வந்தது, ஆனா அது சரியான விடை இல்லை. தலைக்கு நேர்மேலே உள்ள புள்ளிக்கு வடக்கேயும் தெற்கேயும் இருக்கும் நட்சத்திரங்களைச் சமன் செய்தால் அந்த வித்தியாசம் பெரும்பாலும் காணாமல் போகிறது.

மீட்டர் சுமார் 0.2 மில்லிமீட்டர் குறைவு என்பது உண்மைதான். அதற்கும் முக்கியக் காரணம் அவர் இல்லை. பூமி அவர்கள் நினைத்த வடிவத்தில் இல்லை. துருவத்தில் இருந்து பூமத்திய ரேகைக்கு 10,000 அல்ல, 10,002 கிலோமீட்டர். 1983-ல் ஒளியின் வேகத்தை வைத்து மீட்டரை மாற்றி வரையறுத்தபோதும் நீளத்தை மாற்றவில்லை. அந்த 0.2 மில்லிமீட்டர் குறை இன்றும் உங்கள் வீட்டு டேப்பில் இருக்கிறது.